தீபாவளி வெடிச் சத்தத்தில் நாயைப் பாதுகாப்பது எப்படி? பெங்களூரு அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு

பெங்களூரில் தீபாவளிச் சத்தம் ஒரே நாளில் ஓயாது. நரக சதுர்த்தசி விடியலில் தமிழ் வீடுகளில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் சரவெடி தொடங்கும். அமாவாசை மாலை லட்சுமி பூஜை செய்பவர்களின் முறை. மறுநாள் கன்னடர்கள் கொண்டாடும் பலிபாட்யமி. இரவு 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதை நம்பி நாயின் நாளைத் திட்டமிடாதீர்கள்.

நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்கும் எல்லை முடிகிறது, நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை போகிறது. அதோடு சத்தம் எப்போது, எங்கிருந்து வரும் என்று தெரியாததும் சேர்ந்துகொள்கிறது. மிரண்டு ஓடும் நாய் தினமும் நடந்த தெருவில்கூட வழி தவறிவிடும். ஆகவே, அது வீட்டைவிட்டு ஓடாமல் பார்ப்பது முதல் வேலை. பயத்தைத் தணிப்பது அதற்கு அடுத்தது.

1. கழுத்துப்பட்டையும் வாசற்கதவும்

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால், பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். பட்டையில் தொங்கும் அடையாள வில்லையில் நாயின் பெயரைவிட உங்கள் கைபேசி எண் முக்கியம். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) போட்டிருந்தால் பதிவில் உள்ள எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே போகும்போது மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் ஒரு கயிறு, கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு என இரண்டும் இருக்கட்டும்.

பட்சணத் தட்டோடு பக்கத்து வீட்டார் மணியடிக்கும் நேரம்தான் ஆபத்து. நாயை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திய பிறகே வாசற்கதவைத் திறக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

2. சத்தத்துக்குப் பழக்குதல் (நான்கு முதல் ஆறு வாரம் முன்பே)

வெடிச் சத்தப் பதிவு ஒன்றைக் கைபேசியில் மிக மெல்ல ஒலிக்கவிடுங்கள். நாய் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தால் அளவு சரி. ஒவ்வொரு வெடி கேட்டதும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. சத்தம் முதலில், தின்பண்டம் பிறகு. வரிசை மாறினால் தின்பண்டத்தைக் கண்டாலே வெடி வரப்போகிறது என்று நாய் அஞ்சத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். சில நாள் நிம்மதியாக இருந்தால் ஒலியை ஒரு படி கூட்டலாம். மூச்சிரைப்பு, கொட்டாவி, உதட்டை நக்குதல், வாலை இடுக்குதல், தின்பண்டத்தை மறுத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பழைய அளவுக்கு இறங்குங்கள். அவசரப்பட்டால் பயம் கூடும். பண்டிகைக்கு மூன்றே நாள் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

3. பதுங்கும் இடம்

வெடிப்பவர்கள் கூடும் முற்றத்தைப் பார்க்காத அறையாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே வெடித்தால் எதிரொலியும் சேர்ந்து அடிக்கும். ஜன்னலை மூடி, கனத்த திரையோ போர்வையோ தொங்கவிட்டு, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிடுங்கள். படுக்கை, தண்ணீர், உங்கள் பழைய சட்டை ஒன்று அங்கே இருக்கட்டும். முந்தைய வாரமே அங்கே சாப்பாடு வைத்துப் பழக்குங்கள்.

சில நாய்கள் குளியலறையையே நாடும். இழுக்காதீர்கள், அங்கேயே மிதியடி விரித்துக் கொடுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு வைத்த வெந்நீர் வாளியை மட்டும் அகற்றிவிடுங்கள்.

கொஞ்சினால் பயம் வளரும் என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. பயம் ஓர் உணர்ச்சி; ஆறுதல் சொல்வதால் அது பழக்கமாகிவிடாது. நாய் ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். விலகிப் போனால் விட்டுவிடுங்கள்.

4. மருத்துவர்

கதவைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், நடுக்கம் அடங்காத நாய்க்கு அறை மட்டும் போதாது. இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டிராசடோன், கபாபென்டின் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளை எடைக்கேற்ப அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பண்டிகையன்று, மருத்துவர் சொன்ன நேரத்தில், சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஏஸ்புரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுத்தால் உடல் அசையாமல் கிடக்கும், பயமோ குறையாது. மனிதர்களின் தூக்க மாத்திரை கூடவே கூடாது.

5. பண்டிகை நாள்

விடியல் வெடி ஓய்ந்தபின், பகலில் நீண்ட நடை. மாலை 5 மணிக்குள் இன்னொன்று, அதோடு சாப்பாடு. பிறகு வெளியே வேண்டாம். யூட்டிலிட்டியில் செய்தித்தாள் விரித்துச் சிறுநீருக்கு இடம் கொடுங்கள். பால்கனிக் கதவு பூட்டியே இருக்கட்டும்.

கேசரியிலும் லட்டிலும் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சு. அணைந்த கம்பி மத்தாப்பை மிதித்துப் பாதம் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரைக் குறைந்தது பத்து நிமிடம் ஓடவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பற்பசையோ பனிக்கட்டியோ வேண்டாம்.

தெருநாய்களையும் நினைத்துப் பாருங்கள். அந்த மூன்று இரவும் கார் நிறுத்தும் அடித்தளத்தின் ஒரு மூலையை அவற்றுக்கு விட, உங்கள் அசோசியேஷனிடம் முன்பே பேசி வைக்கலாம்.

6. மறுநாள்

வெடிக்காத பட்டாசை நாய் கவ்வக்கூடும். அதில் பேரியம் போன்ற நச்சு இருக்கலாம். தின்றுவிட்டால் வாந்திக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வளாகத்தைப் பெருக்கி முடிக்கும்வரை கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். இரண்டு மூன்று நாளாகியும் சாப்பிடாமல் பதுங்கியே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.