வெறும் கேட்ச் போதாது: டொம் எக்செப்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று செல்லும் பஸ்களின் நேர அட்டவணையை இணையப் பக்கமாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தரிப்பிடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐடி (அடையாளப் பெயர்). பக்கத்தின் உறுப்புகளை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கையாள உதவும் அமைப்புதான் டொம்; ஒரு செயல் தோற்கும்போது எழுந்து நிரலின் ஓட்டத்தை நிறுத்தும் பிழையே எக்செப்ஷன். இத்தகைய பக்கங்களில் மிக மோசமான தவறு, முழு நிரலையும் ஒரே ட்ரைக்குள் (பிழை எழக்கூடிய பகுதி) போட்டுவிட்டு கேட்ச்சை (எழுந்த பிழையைக் கையாளும் பகுதி) வெறுமையாக விடுவது. பக்கம் பாதியில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கன்சோலில் (உலாவி பிழைச் செய்திகளைக் காட்டும் இடம்) ஒரு வரிகூட இருக்காது.

எல்லாத் தோல்வியும் எக்செப்ஷன் ஆகாது. ஐடி கொண்டு உறுப்பைத் தேடும் கெட்எலிமெண்ட்பைஐடி, தேடிய உறுப்பு இல்லையென்றால் பேசாமல் நல் (null, 'எதுவுமில்லை' என்ற மதிப்பு) தரும். அந்த நல்லில் எதையாவது எழுதப் போகும்போதுதான் டைப்எரர் வரும். அதற்குத் தேவை ஓர் இஃப் மட்டுமே.

சிஎஸ்எஸ் (பக்க வடிவமைப்பு மொழி) குறியீட்டைக் கொண்டு தேடும் குவெரிசெலக்டர் அப்படியல்ல. அதில் # என்றால் ஐடி. '#கல்முனை' என்று தமிழிலேயே தேடலாம், தடையில்லை. ஐடி '1கல்முனை' என்று இருந்து, '#1கல்முனை' எனத் தேடினால் உடனே எக்செப்ஷன் எழும். சிஎஸ்எஸ் அடையாளப் பெயர் இலக்கத்தில் தொடங்கக் கூடாது. கெட்எலிமெண்ட்பைஐடி அதே ஐடியைச் சிக்கலின்றி எடுத்துத் தரும். இங்கே பலர் இன்னொரு குழியில் விழுகிறார்கள். எழுந்த பிழையின் பெயர் சின்டாக்ஸ்எரர்தான், ஆனால் அது ஜாவாஸ்கிரிப்டின் சின்டாக்ஸ்எரர் வகையைச் சேர்ந்ததல்ல, டொம்எக்செப்ஷன் வகை. வகையைச் சோதிக்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு சின்டாக்ஸ்எரரா என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். வகை டொம்எக்செப்ஷனா என்று பார்த்து, பிறகு நேம் பண்பைப் பாருங்கள்.

டொம்எக்செப்ஷனின் கோட் பண்பு தரும் எண்ணை நம்ப வேண்டாம். 1998இல் வெளிவந்த டொம் தரத்தின் முதல் நிலையில் 3 என்றால் படிநிலைப் பிழை (உறுப்பைப் பொருந்தாத இடத்தில் செருகுவது), 8 என்றால் உறுப்பு காணப்படவில்லை. பின்னர் சேர்ந்த பல பிழைகளுக்கு எண்ணே கிடையாது, எல்லாவற்றுக்கும் 0. எண்ணை வைத்து ஸ்விட்ச் எழுதினால் அவை அனைத்தும் ஒன்றுபோலவே தெரியும்.

புறப்பட்டுப்போன பஸ்ஸின் வரியை ரிமூவ்சைல்ட் கொண்டு இரண்டாம் முறை நீக்க முயன்றால் நாட்ஃபவுண்ட்எரர் எழும். ரிமூவ் பயன்படுத்தினால் எழாது. எதிர்பார்த்த பெயரை மட்டும் கேட்ச்சில் கையாண்டு, மற்றவற்றை மீண்டும் த்ரோ செய்யுங்கள், அதாவது திரும்ப எழுப்புங்கள்.

உரையைப் படித்து டொம் ஆவணமாக மாற்றும் டொம்பார்சரிடம் பிழையான எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் தரவை எழுதும் வடிவம்) கொடுத்தாலும் உலாவி எக்செப்ஷன் எழுப்பாது. திரும்பி வரும் ஆவணத்துக்குள் பார்சர்எரர் என்ற உறுப்பு இருக்கிறதா என்று நீங்கள்தான் தேட வேண்டும்.