மலாயா, பர்மா போரைப் பற்றி எந்த நூலைப் படிப்பது?

நாகப்பட்டினத்திற்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஊர்களில் பழைய குடும்பங்களை விசாரித்தால், பினாங்குக்குக் கப்பலேறிய பாட்டனாரையோ பெரிய பாட்டனாரையோ பற்றிய பேச்சு ஏதேனும் ஒரு வீட்டில் வந்துவிடும். நாகையிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் போனார், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார், ஜப்பான்காரன் வந்தான், சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை என்று நான்கு வரிகளில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். அந்த நான்கு வரிகளுக்கு மேல் அறிந்துகொள்ள விரும்பும் பேரப்பிள்ளைகள் நூலகத்திற்கு வந்து, “அந்தப் போரைப் பற்றி நல்ல புத்தகமாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்பார்கள். இந்த மாவட்டத்தின் கிளை நூலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லி நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதை அறிய வேண்டும் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மலாயாத் தோட்டத்தில் இருந்தவரின் கதையும், ரங்கூனிலிருந்து நடந்து வந்தவரின் கதையும், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவரின் கதையும் இரண்டாம் உலகப் போர் என்ற ஒரே போருக்குள் நடந்தவைதான் என்றாலும், அவற்றைச் சொல்லும் நூல்கள் வெவ்வேறானவை. எந்தக் கதையைத் தேடினாலும் சில தேதிகள் கையில் இருக்க வேண்டும். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்த மாதமே ரங்கூன் விழுந்தது. 1943 அக்டோபரில், கைதிகளையும் தொழிலாளர்களையும் கொண்டு ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பால் போர் நடந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மலாயாவுக்குத் திரும்பினர். இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பக்கத்தில் விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப என்று 1941 முதல் 1945 வரையிலான தமிழ் வருடப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வருடப் பெயர்களின் பயனை எனக்குக் கற்பித்தவர் எண்பது வயதைக் கடந்த ஒரு வாசகர். தோட்டத்தில் பிறந்து, போர் முடிந்தபின் தாயாரோடு ஊர் திரும்பியவர். “விஷு வருஷம் கார்த்திகையில குண்டு போட்டான் தம்பி. மாசி பொறந்த உடனே சிங்கப்பூரு போயிடுச்சு” என்று அவர் சொன்னபோது, மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்தேன், இரண்டும் சரியாகவே இருந்தன. அவரிடம் தடித்த ஆங்கில வரலாற்று நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலம் ஓரளவு படிப்பவர், சிறிது நேரம் புரட்டிவிட்டு, “இதுல நம்ம ஆளுவோ எங்க இருக்காங்க?” என்று கேட்டார். இருவரும் கடைசிப் பக்கங்களில் இருந்த சொல்லடைவைத் திறந்து பார்த்தோம். சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலுக்கு எதிரே நான்கு வரி அளவுக்குப் பக்க எண்கள் இருந்தன. தமிழர் என்ற சொல்லுக்கு எதிரே மூன்றே எண்கள். அந்த மூன்று பக்கங்களையும் எடுத்துப் பார்த்தால், இரண்டில் ‘கூலிகள்’ என்ற சொல் மட்டும் வந்து போயிற்று. அதன் பிறகு எந்தப் போர் வரலாற்றை எடுத்தாலும் சொல்லடைவைத்தான் முதலில் பார்க்கிறேன். எந்த மனிதர்களைத் தேடுகிறீர்களோ அவர்கள் அங்கே எத்தனை பக்கங்களில் வருகிறார்கள், பெயரோடு வருகிறார்களா, பேசுகிறார்களா, எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறார்களா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். நூலாசிரியர் எந்த இடத்தில் நின்றுகொண்டு போரைப் பார்த்தார் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது எண்களை. சயாம் ரயில் பாதையையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை அமைப்பதில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். படைகளிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதிகாரிகள் முகாமுக்குள்ளேயே ரகசியமாக நாட்குறிப்பும் இறப்புக் கணக்கும் எழுதி வைத்தனர். போருக்குப் பிறகு கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்து உடல்களை எடுத்து முறைப்படி அடக்கம் செய்தனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களான தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் (ஜாவாக்காரர்) ஆகியோரின் எண்ணிக்கை 1,80,000-க்கும் மேல் என்பர்; இறந்தவர் 90,000 என்றும் அதற்கு மேல் என்றும் மதிப்பிடுவர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது அவர்களுடைய முகாம்களில் பெரும்பாலானவற்றில் மருத்துவரும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆகவே, தொழிலாளர் இறப்புக்கு ஐயமின்றி ஒரே ஒரு எண்ணைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு நகரும் நூலை நான் நம்புவதில்லை. எண்ணிக்கை ஏன் உறுதியாகத் தெரியவில்லை, யார் எழுதாமல் விட்டார்கள் என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குகிற ஆசிரியரை நம்பிக் கையில் எடுக்கலாம்.

வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களில் பெரும்பகுதி 1972-இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் எழுதிய வரலாறுகள் தளபதிகளின் நூல்களையும் அரசு வெளியிட்ட அதிகாரபூர்வ வரலாறுகளையும் சார்ந்திருந்தன என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் அவையும் பயன்படும். நிலப்படம் இல்லாத போர் வரலாறு சிரமம் தரும். வேறோர் இடத்திலிருந்து ஒரு நிலப்படத்தை நகலெடுத்து நூலுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

நம் பகுதி வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. சென்னை மாகாணம் பர்மா அரிசியை ஆண்டுதோறும் இறக்குமதி செய்துவந்தது. 1942-இல் ரங்கூன் விழுந்ததும் அது நின்றுபோயிற்று; காவிரிப் பாசன நெல்லின் மேல் அரசின் கண் முழுவதுமாகத் திரும்பியது; கொள்முதலும் பங்கீடும் விலைக் கட்டுப்பாடும் வந்தன. போர்க்களத்தை மட்டும் சொல்லாமல், களத்துமேட்டுக்கும் குதிருக்கும் அந்தப் போர் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லும் நூல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வங்காளப் பஞ்சத்தைப் போர் வரலாற்றிலிருந்து பிரித்து அடிக்குறிப்பில் தள்ளிவிடும் நூல்களை இந்தக் காரணத்தினாலேயே நான் பின்னுக்குத் தள்ளுவேன்.

தன்வரலாறுகளுக்கு வேறு அளவுகோல் வேண்டும். நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கும் எழுதிய ஆண்டுக்கும் இடையே எவ்வளவு காலம் சென்றது என்பது முதல் கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர் முழுப் பக்க உரையாடலை மேற்கோள் குறிக்குள் சொல்லுக்குச் சொல் தருவாரானால், அது நினைவிலிருந்து கட்டிய உரையாடல் என்று கொள்ள வேண்டும். அவர் சொல்லும் பசியையும் நடையையும் நோயையும் அதே காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை. உடல் பட்டது நெடுநாள் நினைவில் நிற்கும். பிறர் பேசியது அவ்வளவாக நிற்பதில்லை. தம் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் ஆசிரியர் பிரித்துச் சொல்கிறாரா என்று இருபது பக்கம் படித்துப் பாருங்கள்.

இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய நினைவு நூல்களுக்கு நான் ஒரு தனிச் சோதனை வைத்திருக்கிறேன். 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் பேரர் பூங்காவில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களிலிருந்து மோகன் சிங் தலைமையில் முதல் ராணுவம் உருவானது. ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கினால் அதே ஆண்டு டிசம்பரில் மோகன் சிங் கைது செய்யப்பட, அந்த ராணுவம் கலைந்தது. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில்தான். தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்களும், ஜான்சி ராணிப் படைக்குப் பெண்களும் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தது அதன் பின்னரே. அந்த டிசம்பர் நெருக்கடியை ஒரு வரியில் தாண்டி, சரணடைந்த நாளிலிருந்து நேதாஜியின் வருகைக்குப் பாய்ந்துவிடும் நினைவு நூல் எதையோ சொல்லாமல் விடுகிறது. ராணுவத்தில் சேராமல் கைதியாகவே இருந்தவர்களைப் பற்றி ஆசிரியர் எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். சேர்ந்தவர் எல்லோரும் வீரர், சேராதவர் எல்லோரும் கோழை என்றோ, அதற்கு நேர்மாறாகவோ எழுதும் நூலிலிருந்து அந்த மனிதர்கள் பட்ட மனப் போராட்டத்தை அறிய முடியாது.

பர்மாவிலிருந்து நடந்து வந்தோரின் கதைக்குத் தமிழிலேயே ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா, 1942-இல் மனைவியோடு இந்தியாவுக்கு வந்த அனுபவத்தை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்று எழுதியிருக்கிறார். வெளியேறும் பாதைகளில் ஐரோப்பியருக்கு ஒரு நியாயம், இந்தியருக்கு ஒரு நியாயம் என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே எழுந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அவர் எழுத்தாளர், அவருக்கு எழுதத் தெரியும். அதே மலைப்பாதையில் நடந்த துறைமுகக் கூலிக்கு எழுத வாய்ப்பில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த இடைவெளியை வாய்மொழிப் பதிவுகள் ஓரளவு நிரப்புகின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இல் தொடங்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பற்றிய அதன் நேர்காணல்களில் தமிழில் பேசியவையும் உண்டு. மலேசியாவில் அச்சான சிறு நினைவு நூல்களில் எழுத்துப் பிழை மலிந்திருக்கும், சொல்லடைவு இருக்காது. அதற்காக அவற்றைத் தள்ளிவிட்டால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள்ளிருந்து வந்த ஒரே குரலையும் சேர்த்துத் தள்ளிவிட்டதாக ஆகும்.

நாவலிடம் தேதிகளை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சயாம் பாதையை உலகறியச் செய்த ‘க்வாய் நதிப் பாலம்’ என்ற பிரெஞ்சு நாவலை எழுதிய பியர் பூல் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பணியாற்றியவர். ஆனால் அந்த ரயில் பாதையில் கைதியாக இருந்தவரல்லர். உண்மையான பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே குளோங். பார்வையாளர்கள் க்வாய் நதியைத் தேடி வந்ததால் 1960-களில் ஆற்றின் பெயரையே மாற்றினார்கள். ஒரு கற்பனை ஓர் ஆற்றின் பெயரை மாற்றவல்லது என்றால், பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களை மறக்கடிக்கவும் வல்லது. அந்தக் கதையில் பாலத்தைக் கட்டுவோர் பிரிட்டிஷ் கைதிகளே.

நாவலைச் சோதிக்கச் சிறு விவரங்களே போதும். மலாயாவுக்குப் பயணச் செலவு உதவியோடு தொழிலாளர் போவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. ஆகவே 1940-இல், தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றுவதாக ஒரு நாவல் சொன்னால், ஆசிரியர் அந்தக் காலத்தை விசாரிக்காமல் எழுதியிருக்கிறார் என்று பொருள். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டு, அரிசிக்குப் பதிலாக மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு, துரைக்கும் கிராணிக்கும் (தோட்ட எழுத்தர்) கங்காணிக்கும் தொழிலாளி தரும் வெவ்வேறு மரியாதைச் சொற்கள் ஆகியவை கதைக்குள் தாமாக வந்து விழுகின்றனவா என்று பாருங்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் கடந்து நிற்கிறது. 1972-இல் நூலாக வந்த அந்த நாவல், ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் தொடங்குகிறது. ஆசிரியர் இளமையில் அந்த நகரில் வேலை பார்த்தவர். கடைத்தெருவின் தமிழும் மலாய்ச் சொற்களும் கலந்த பேச்சை முதல் ஐம்பது பக்கம் பொறுமையாகக் கேட்டுப் பழகிக்கொண்டால், எந்த வரலாற்று நூலிலும் கிடைக்காத ஓர் உலகம் திறக்கிறது. வணிகர்களும் படைக்குப் போனவர்களும் அதில் நிறைந்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளரை மட்டும் தேடுவோர் வேறு நாவல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுத்த பின் வரலாறு, நினைவு நூல், நாவல் என்ற மூன்று வகையிலும் ஒவ்வொன்றை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு, ஒரே மாதத்தை மூன்றிலும் படியுங்கள். 1943 ஜூன் மாதத்தை எடுத்துக்கொண்டால், வரலாறு முகாம்களின் வரைபடத்தையும் காலராவின் போக்கையும் தரும். நினைவு நூல் அந்த மழையில் ஒருவர் என்ன உண்டார் என்பதைத் தரும். நாவல் அதே மாதத்தில் பினாங்குக் கடையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத் தரும். முரண்படும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். நூலக நூலானால் தனித் தாளில் பக்க எண்ணைக் குறியுங்கள். கிளை நூலகத்தில் நூல் இல்லாவிட்டால் நூலகரிடம் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுத்து, தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ உள்ள மாவட்ட மைய நூலகத்தில் விசாரிக்கச் சொல்லலாம். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கிடைத்தால் இரண்டின் முன்னுரைகளையும் படித்துவிட்டு எடுங்கள்.

தேதிகளும் வருடப் பெயர்களும் எழுதிய அந்தத் துண்டுத் தாளோடு வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்களிடம் ஆங்கில ஆண்டைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் விடை வராது, “சுபானு வருஷம் ஆடியில் தாத்தாவிடமிருந்து கடிதம் வந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள்.