ஃபோரேயின் ரெக்குயியம்: பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

முதலில் என் தம்பியின் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் கேட்போம். பங்குப் பாடகர் குழுவில் ஒரு அண்ணை தந்த, பெயர் எழுதாத கசெற் ஒன்றில்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் கப்ரியேல் ஃபோரேயின் ரெக்குயியத்தை, அதாவது இறந்தோருக்கான லத்தீன் பூசைப் பாடல்களை, முதன்முதலாகக் கேட்டேன். தம்பிக்குக் களைத்தால் பாட்டும் களைத்துவிடும். சுருதி இறங்கும், சிறுவர் குரல் கிழவர் குரலாகும். பத்து வருடம் கழித்து அதே பதிவு இறுவட்டில் கிடைத்தது. கேட்டதும், "இவ்வளவு அவசரமாகப் பாடலாமா?" என்று எரிச்சல்பட்டேன். பிழை பாடியவர்களில் இல்லை. என் மனதில் பதிந்திருந்த வேகம் தம்பி மிதித்த வேகம்.

உங்கள் வீட்டில் டைனமோ இருந்திருக்காது. ஆனாலும் முதலில் கேட்ட பதிவு எல்லோருக்கும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதனால் ஒப்பிட உட்காரும் நாளில் அதைக் கடைசியாகப் போடுங்கள். அதில் தொடங்கினால் மற்றதெல்லாம் குறையாகத்தான் கேட்கும்.

அடுத்தது, கையில் இருப்பவை ஒரே பொருள்தானா என்று பார்க்க வேண்டும். இந்தப் படைப்பில் பலர் இடறுவது இங்கேதான். ஃபோரே பாரிஸ் மதலேன் ஆலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்தபோது, 1888 ஜனவரி 16 அன்று ஒரு கட்டடக் கலைஞரின் இறுதிச் சடங்கில் இது முதலில் பாடப்பட்டது. அப்போது ஐந்து பகுதிகள்தான். வியோலா, செலோ, டபிள் பேஸ், ஹார்ப், டிம்பனி, ஓர்கன், இவற்றோடு ஒரே ஒரு தனி வயலின். பிறகு 'ஒஃபெர்த்துவார்', 'லிபெரா மே' என்ற இரண்டு பகுதிகளும் ஹோர்ன், ட்ரம்பெட்டும் சேர்ந்து 1893 வடிவம் வந்தது. முழு வாத்தியக் குழுவுக்கான வடிவம் 1900 இல் கச்சேரி மண்டபத்துக்கு ஏறியது. இன்று கிடைக்கும் பழைய பதிவுகள் அநேகமாக இந்தக் கடைசி வடிவம்தான். 80களில் ஆங்கில இசையமைப்பாளர் ஜோன் ரட்டர் 1893 இன் சிறிய வடிவத்தைத் தன் பதிப்பாக வெளியிட்டு, கேம்பிரிட்ஜ் சிங்கர்ஸ் குழுவோடு பதிவும் செய்தார். பெல்ஜிய நடத்துநர் பிலிப் ஹெரவெக் 1988 இல் அதே சிறிய வடிவத்தை வேறொரு பதிப்பிலிருந்து எடுத்தார். பத்து வருடத்துக்கு மேல் கழித்து 1900 வடிவத்தையும் அவரே பதிவு செய்தார். ஒரே நடத்துநர், இரண்டு வடிவம். ஒப்பிடப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

அட்டையில் வடிவம் எழுதாவிட்டால், ஒருவர் தனியே பாடும் 'பியே ஜேசு' பகுதியைப் போட்டுப் பாருங்கள். தனிக்குரலுக்குப் பின்னால் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் வந்தால் அது 1900. அந்த வாத்தியங்கள் படைப்பில் வேறெங்கும் வாய் திறப்பதில்லை. யூடியூபில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். சிறிய வடிவம் என்று போட்டிருந்த ஒன்றை இரண்டு மாதம் கேட்டு, "பார், வயலின் கூட்டம் இல்லாததால் எவ்வளவு தெளிவு!" என்று குழுவில் எல்லோரிடமும் அளந்தேன். ஒருநாள் இயர்போனில் கேட்டபோது கிளாரினெட் எட்டிப் பார்த்தது.

முழுப் படைப்பும் முப்பத்தைந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடக் குறைய. கையில் உள்ள எல்லாப் பதிவையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டு ஒப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாவதில் காது மரத்துவிடும். அரை நிமிடத் துண்டுகள் போதும். என் துண்டுகள் இவை.

முதலாவது, தொடக்கம். வாத்தியங்கள் ஒரே சுரத்தைப் பலமாகப் பிடித்து அடங்க, குழு மெல்ல "ரெக்குயியம் எத்தேர்னம், தோனா எயிஸ்" என்று வரும். அந்த 'எயிஸ்' சொல்லின் கடைசி 'ஸ்' மட்டும் கேளுங்கள். நல்ல குழுவில் நாற்பது பேரின் 'ஸ்' ஒரே தரம் முடியும். பழக்கம் போதாத குழுவில் சுளகிலிருந்து அரிசி சிந்துவது போல ஒன்றன்பின் ஒன்றாக விழும். எங்கள் குழுவில் விழுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் இதில் நான் கொஞ்சம் இரக்கமில்லாதவன். அப்புறம் 'லுக்ஸ்' (ஒளி) என்ற சொல்லின் உயிரொலி. பிரெஞ்சு முறை லத்தீனில் அது 'லு'வுக்கும் 'லி'க்கும் இடையில் நிற்கும். ஹெரவெக்கின் இரண்டாவது பதிவில் இது தெளிவாகக் கேட்கும். 1847 இலிருந்து யாழ்ப்பாணம் வந்த அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவிகளில் பிரெஞ்சுக்காரர் பலர். என் அப்பப்பா பூசைக்கு உதவியது அப்படி ஒரு சாமியாருக்கு. அப்பப்பா சொல்லிக்காட்டும் லத்தீனை நாங்கள் சிறுவயதில் கேலி செய்தோம். இந்தப் பதிவைக் கேட்ட பிறகுதான் அவர் சரியாகத்தான் சொன்னார் என்று விளங்கியது.

இரண்டாவது, 'ஆஞ்ஞுஸ் தேயி'. இந்தப் பகுதியின் தொடக்க மெட்டு டெனர்களுக்கு, உயர்ந்த ஆண்குரல்களுக்கு. நான் டெனர், எனக்கு அது போதும். ஆனால் உங்களுக்காகச் சொல்வது நடுவில் வரும் ஓர் இடம். எல்லாம் அடங்கி, சொப்ரானோக்கள் (உயர்ந்த பெண்குரல்கள்) மட்டும் "லுக்ஸ்" என்று ஒரே சுரத்தைத் தனியே பிடிப்பார்கள். அவர்களின் சுரம் அசையாது. அடியில் மற்றவை நகர்ந்து வேறொரு சுருதிக்குப் போய்விடும். அதே சுரம் திடீரென வேறு நிறமாகத் தெரியும். சிலர் அந்த நகர்வுக்கு முன் நாடகம்போல இழுத்து நிறுத்துவார்கள். சிலர் ஒன்றும் நடக்காததுபோல நடந்துபோவார்கள். எனக்கு நடந்துபோகிறவர்களைத்தான் பிடிக்கும்.

மூன்றாவது, 'பியே ஜேசு'. சிறுவனா, பெண்ணா? மதலேனில் முதலில் பாடியது சிறுவன், பெண்களுக்கு அப்போது அங்கே பாடகர் குழுவில் இடமில்லை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழுவை டேவிட் வில்கொக்ஸ் நடத்திய 1967 பதிவில் பாடும் சிறுவன்தான் பின்னாளில் இசையமைப்பாளரான பொப் சில்கொட். என் கசெற்றில் கிழவராகிப்போனவர் அவர்தான். ஆந்த்ரே க்ளூய்தான்ஸ் நடத்திய 60களின் பதிவில் பாடுவது சொப்ரானோ விக்தோரியா தெ லொஸ் ஆங்கேலெஸ். வரி முடியும் இடங்களில் மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று கவனித்தால் இருவருக்கும் உள்ள தூரம் விளங்கும். க்ளூய்தான்ஸ் பதிவில் குழுவின் குரல்கள் எனக்கு அதிகமாக நடுங்குகின்றன. தனிக்குரல்களுக்காக மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

கேட்கும் நேரம் முக்கியம். பகலில் காகம், முச்சக்கரவண்டி, மீன்காரரின் ஹோர்ன். நல்லூர்த் திருவிழா நாட்களில் மேளத்தை விட்டுவிட்டு இதைக் கேட்பது நியாயமும் இல்லை. நான் விடிய நாலு மணிக்கு ஒரு தேத்தண்ணியோடு இருப்பேன், மின்விசிறியை நிறுத்திவிட்டு. இன்னொன்று, ஒலியளவு. பதிவுக்குப் பதிவு அளவு மாறும், கூடுதலாக ஒலிப்பது கூடுதல் நல்லது என்று காது ஏமாறும். ஒவ்வொன்றிலும் அந்த முதல் சுரத்தைப் போட்டு, காதுக்குச் சமமாக வரும்வரை திருகுங்கள்.

கொப்பியில் புள்ளி போடாதீர்கள். ஏழா எட்டா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் பாட்டு போய்விடும். கேட்டதை எழுதுங்கள்: "'ஸ்' சிதறுகிறது", "ஓர்கன் எங்கே?", "இங்கே மூச்சு". பிறகு இரண்டு கிழமை மூடிவையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, பெயர் தெரியாமல் ஒருதரம் கேட்க வேண்டும். போன வருடம் நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள், சேமக்காலைக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த இரவு, மகளிடம் போனைக் கொடுத்து 'லிபெரா மே'யை நாலு பதிவில் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். அடியில் தந்திகள் விரலால் மீட்டப்பட, பரிட்டோன், நடுத்தர ஆண்குரல், தனியே தொடங்கும் இடம். மூன்றாவதைக் கேட்டு, "இவர் மேடையில் நிற்கிறார், குழியருகே நிற்கவில்லை" என்றேன். மகள் சிரித்தாள்.

"அப்பா, இது க்ளூய்தான்ஸ் பதிவு, பாடுறது ஃபிஷர்-டீஸ்கௌ. ஆரும் வீட்டுக்கு வந்தால் நீங்கள் போட்டுக் காட்டுறது இதைத்தானே?"

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில், "இதற்குமேல் இல்லை" என்று இருந்தது. அதை வெட்டவில்லை. பக்கத்தில் திகதி மட்டும் போட்டேன்.