மழை அளக்க 11.3 செ.மீ. புனல்

பிள்ளைகளே நடத்தும் மழை அளவு ஆய்வுக்கு, உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் புனலும் ஒரு லிட்டர் பாட்டிலும் போதும். கடையில் மழைமானி வாங்க வேண்டாம். அந்தப் புனலின் வாய்ப் பரப்பு கிட்டத்தட்ட 100 சதுர செ.மீ. வருகிறது. அதனால் பாட்டிலில் சேரும் 10 மி.லி. தண்ணீர் என்றால் 1 மி.மீ. மழை. இருமல் மருந்து மூடியால் அளந்து பத்தால் வகுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே கணக்கை முடித்துவிடும், ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. 11 செ.மீ. புனல்தான் கிடைத்தது என்றால் அளவு சுமார் 5 சதவீதம் குறைவாகக் காட்டும். பள்ளி ஆய்வுக்கு அது பரவாயில்லை.

சேலத்தில் ஒரு குழு, ஏற்காட்டில் ஒரு குழு என்று வைத்தால், இருவரும் வானிலைத் துறையைப் போலக் காலை 8.30 மணிக்கே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பயனில்லை.

ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தால் இது எடுபடாது; இலைச் சொட்டும் சேர்ந்துவிடும். ஆழமில்லாத புனலும் வேண்டாம், பெருமழையில் தண்ணீர் வெளியே தெறிக்கும். அப்புறம், 100 மி.மீ. தாண்டினால் பாட்டில் வழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு லிட்டர் பாட்டிலாக மாற்றிவிடுங்கள்.