இரண்டு பாலிசி, இரண்டு ‘முடியாது’: புதிதாக வரும் ஹோம் இன்ஸ்பெக்டர்களுக்கு

போன மாதம் நியூ ஜெர்சியில், எடிசன் பக்கத்தில், வாங்கப் போகிறவருக்காக ஒரு பழைய வீட்டைச் சோதித்து ரிப்போர்ட் கொடுக்கப் போனபோது ஒரு தம்பியையும் அழைத்துக்கொண்டேன். ஹோம் இன்ஸ்பெக்டர் வேலை இதுதான். எட்டு வருடம் சாஃப்ட்வேரில் இருந்தவன். வேலை போனதும் 180 மணி நேரப் பயிற்சியை முடித்து, தேசியத் தேர்வு எழுதி, மாநில லைசென்ஸ் வாங்கி, ஒரு வருடமாகத் தனியாகத் தொழில் செய்கிறான். நல்ல கண். ஆட்டிக்கில் ஏறினால் கூரைப் பலகையில் ஒரு ஈரத் தடம் அவனிடமிருந்து தப்பாது. வேலை முடிந்து பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சொன்னான்: “அண்ணே, இன்ஷூரன்ஸை வேற கம்பெனிக்கு மாத்தப் போறேன். வருஷத்துக்கு 700 டாலர் மிச்சம்.”

2019-ல் நான் என் மனைவியிடம் சொன்ன அதே வார்த்தை. கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

படியின் கைப்பிடி ஆடுவதைக் குறிக்க மறப்பது, போட்டோ எடுக்காமல் வருவது போன்ற தவறுகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. பத்து வீடு பார்த்தால் அவை தானாகப் போய்விடும். லைசென்ஸ் சட்டமும் இன்ஷூரன்ஸும் சேரும் இடத்தில் செய்கிற தவறு வேறு மாதிரி. செய்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்து வக்கீல் கடிதமாக வீட்டுக்கு வரும்.

மாநிலம் கேட்பதோடு நின்றுவிடுவது

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. தொழிலில் தவறு நேர்ந்தால் ஈடுகட்டும் இன்ஷூரன்ஸ் ஒரு கிளெய்முக்குக் குறைந்தது 5 லட்சம் டாலருக்கு இருக்க வேண்டும் என்கிறது நியூ ஜெர்சி. டெக்சஸ் 1 லட்சத்தோடு நிற்கிறது. நியூ யார்க், லயபிலிட்டி (பொறுப்பு) இன்ஷூரன்ஸ் ஒரு சம்பவத்துக்கு ஒன்றரை லட்சம், மொத்தமாக 5 லட்சம் கேட்கிறது. கலிஃபோர்னியாவில் ஹோம் இன்ஸ்பெக்டருக்கு மாநில லைசென்ஸே இல்லை. ஆனால் அங்கேயும் வழக்கு உண்டு, அதற்கான சட்டமும் உண்டு.

ஃப்ளோரிடாவைப் பாருங்கள். அங்கே சட்டம் கேட்பது 3 லட்சம் டாலருக்கு ஜெனரல் லயபிலிட்டி. உங்கள் ஏணி சாய்ந்து வீட்டுக்காரரின் கண்ணாடி அலமாரி உடைந்தாலோ, ஆட்டிக்கில் கால் தவறி சீலிங்கில் ஓட்டை விழுந்தாலோ அது பணம் தரும். கூரையில் இருந்த ஓட்டையைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று ஒருவர் வழக்குப் போட்டால் தராது. அதற்கு எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் என்கிற பாலிசி வேண்டும். எல்லோரும் ‘ஈ அண்ட் ஓ’ என்பார்கள். அதாவது, முறையான லைசென்ஸும் சட்டம் கேட்ட இன்ஷூரன்ஸும் வைத்திருக்கும் ஒருவர், இந்தத் தொழிலில் சகஜமாக வருகிற வழக்குக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்க முடியும்.

ரெட்ரோ தேதியைப் பார்க்காமல் பாலிசி மாற்றுவது

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுத வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை.

கார் இன்ஷூரன்ஸ் நமக்கெல்லாம் பழக்கம். விபத்து நடந்த அன்றைக்கு எந்த பாலிசி இருந்ததோ அது பணம் கொடுக்கும். பிறகு நீங்கள் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் கவலையில்லை. நாம் வாங்கும் ஈ அண்ட் ஓ பெரும்பாலும் அப்படி வேலை செய்யாது. அது கிளெய்ம்ஸ் மேட் வகை. வீட்டைப் பார்த்த நாளில் இருந்த பாலிசி அல்ல, புகார் வந்து சேரும் நாளில் நடப்பில் இருக்கும் பாலிசிதான் பேச வேண்டும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் வீட்டைப் பார்த்த நாள், அந்த பாலிசியின் ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் செய்த வேலை எதுவும் அந்தக் கம்பெனியின் கணக்கில் வராது.

2016-ல் தொழிலைத் தொடங்கியபோது எடுத்த பாலிசியை மூன்று வருடம் ஒழுங்காகப் புதுப்பித்தேன். ஒரு கிளெய்ம்கூட இல்லை. 2019 ஏப்ரலில் வேறொரு ஏஜென்ட் 900 டாலர் குறைவாக ஒரு விலை கொடுத்தார். 5 லட்சம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சான்றிதழ் வந்தது. மாநிலத்துக்குக் காட்ட அது போதும். மாறிவிட்டேன்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. முந்தைய செப்டம்பரில் பார்த்த வீடு. பேஸ்மென்ட் சுவரின் ஒரு பக்கம் மரப் பேனல் அடித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் கான்க்ரீட் பிளாக் சுவரில் படுக்கைவாட்டில் ஒரு விரிசல். மண் தள்ளித் தள்ளி சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. பேனலைப் பிரித்துப் பார்ப்பது என் வேலையல்ல. ஆனால் பேனலின் ஓரத்தில், ஃபர்னஸ் பக்கம், ஒரு சாண் அளவு சுவர் வெளியே தெரிந்தது. விரிசலின் முனை அங்கே இருந்தது. நானே எடுத்த போட்டோவில் இருந்தது. ரிப்போர்ட்டில் இல்லை. கேட்ட தொகை 27,000 டாலர்.

பழைய கம்பெனியைக் கூப்பிட்டேன். “கிளெய்ம் வந்த நாளில் உங்கள் பாலிசி எங்களிடம் இல்லை” என்றார்கள். புதிய கம்பெனியைக் கூப்பிட்டேன். “உங்கள் ரெட்ரோ தேதி 2019 ஏப்ரல். வீட்டைப் பார்த்தது அதற்கு முன்னால்” என்றார்கள். இரண்டு பேருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறேன், ஒரு நாள் இடைவெளி விட்டதில்லை, ஆனால் மூன்று வருட வேலை முழுவதும் ஒரே கையெழுத்தில் ஆதரவில்லாமல் போய்விட்டது. வக்கீல் செலவோடு சேர்த்து 19,000 டாலருக்கு முடிந்தது. பெண்ணின் படிப்புக்குச் சேர்த்திருந்த பணம்.

இன்றுவரை எரிச்சல் தருவது தொகை அல்ல. அந்த நான்கு மாதமும் மாநிலத்தின் கண்ணில் என்னிடம் ஒரு குறையும் இல்லை. லைசென்ஸ் சரி, சான்றிதழ் சரி, தொகை சரி. பாலிசி இருக்கிறதா என்றுதான் லைசென்ஸ் விதி பார்க்கிறது. போன வருடம் நீங்கள் பார்த்த வீடுகளுக்கு அது பேசுமா என்று யாரும் கேட்பதில்லை. ஏஜென்ட்டும் வாய் திறக்கவில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்பது ஒன்றும் கடினமல்ல. பாலிசியின் முதல் சில பக்கங்களுக்குள் டிக்ளரேஷன் என்று ஒரு தாள் இருக்கும். உங்கள் பெயர், தொகை, டிடக்டிபிள் (கிளெய்மில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு), பாலிசி தொடங்கும் நாள் எல்லாம் அதில் இருக்கும். அங்கேயே ரெட்ரோஆக்டிவ் தேதி என்று ஒரு வரி. அந்தத் தேதியும் பாலிசி தொடங்கும் தேதியும் ஒன்றாக இருந்தால், நீங்கள் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் என்றால், பேனாவைக் கீழே வையுங்கள். ‘பிரையர் ஆக்ட்ஸ்’, அதாவது முன்பு செய்த வேலைகளுக்கும் பாதுகாப்பு, சேர்த்துத் தரச் சொல்லுங்கள். முந்தைய பாலிசி இடைவெளி இல்லாமல் நடந்ததற்கு ஆதாரம் காட்டினால் பல கம்பெனிகள் பழைய தேதியை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பிரீமியம் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். தர முடியாது என்றால் பழைய கம்பெனியிடம் டெயில் கவரேஜ் வாங்குங்கள்: பாலிசி முடிந்த பிறகும், பழைய வேலைக்கு வரும் கிளெய்மை ஏற்கும் நீட்டிப்பு அது. இரண்டும் இல்லாமல் மாறாதீர்கள்.

ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இது உண்டு. தொழிலை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டால் பழைய ரிப்போர்ட்டுகள் செத்துவிடாது. பென்சில்வேனியாவில் ரிப்போர்ட் கொடுத்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் நான்கு வருடம் வரை போடலாம். உங்கள் மாநிலத்தின் கணக்கைப் பார்த்து அதற்கேற்ற டெயில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்றால், விலகிய பிறகும் அங்கே பார்த்த வீடுகளுக்கு அவர்கள் பாலிசி உங்களைக் காக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“சாரி, என் தப்புதான்” என்று எழுதிக் கொடுப்பது

கிளைன்ட் வாட்ஸ்அப்பில் கோபமாக எழுதுவார். நம் ஆட்களுக்கு உடனே சமாதானம் சொல்லத் தோன்றும். அதிலும் அவர் தமிழ்ச் சங்கத்தில் பார்க்கிறவராக இருந்தால் இன்னும் அதிகம். பொறுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதும் பணம் தருவதாகச் சொல்வதும் பாலிசி விதிக்கு விரோதம். முதல் மெசேஜ் வந்த அன்றே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கம்பெனியே ஒத்துக்கொண்டாலும், இனி உரிமை கோர மாட்டேன் என்று கிளைன்ட்டிடம் கையெழுத்தை வாங்கிய பிறகே கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று நம்புவது

‘எனது பொறுப்பு நான் வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது’ என்ற வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அது சட்டப்படியே செல்லாது. நியூ ஜெர்சியில் 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. கட்டணம் 385 டாலர்; ஒப்பந்தப்படி இன்ஸ்பெக்டரின் பொறுப்பு அதில் பாதி, 192 டாலர் 50 சென்ட். அந்த வரி நியாயமற்றது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆற்றைத் தாண்டிப் போவது

டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியா. அங்கே லைசென்ஸ் கிடையாது என்று கேள்விப்பட்டு, “அப்ப யாரும் போகலாம்ல?” என்றான் தம்பி. கூடாது. தேசியச் சங்கம் ஒன்றில் முழு உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்ட ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். முழு உறுப்பினர் ஆவதற்கே தேர்வும் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும் தேவை. டிடக்டிபிள் 2,500 டாலரைத் தாண்டக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அவனுடையது 5,000.

உபரி வேலைகள்

மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் கதிரியக்க வாயுவான ரேடானைச் சோதிக்க நியூ ஜெர்சியில் தனிச் சான்று வேண்டும். பழைய வீடுகளில் மண்ணுக்குள் எண்ணெய் டேங்க் தேடுவது, பூஞ்சை, கரையான்: ஒவ்வொன்றும் உங்கள் பாலிசியில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்யாதீர்கள்.

பார்த்த வீட்டில் ரிப்பேர் வேலையும் எடுப்பது

வேண்டாம்.

போன வாரம் தம்பி அனுப்பிய படம் ஒன்று வந்தது. டிக்ளரேஷன் தாள். புதிய கம்பெனி, ஆனால் ரெட்ரோ தேதி அவன் தொழில் தொடங்கிய நாள். டிடக்டிபிளையும் 2,500-க்கு இறக்கியிருந்தான். மிச்சம் 700 இல்லை, 210 டாலர்தான் என்று கீழே எழுதியிருந்தான். இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சரி, கையெழுத்துப் போடு” என்று பதில் அனுப்பினேன்.