நுங்கு வண்டி: கழன்று போகாமல் ஓடச் செய்வது எப்படி

முழுப்பரீட்சை லீவு விட்டதும் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் முதலில் தெருவுக்கு வருவது நுங்கு வண்டிதான். நுங்கு தின்ற இரண்டு பனங்காய்க் கூட்டைச் சக்கரமாக்கி, ஒரு குச்சியை அச்சாகக் கோத்து, கவை என்கிற கவட்டைக் கம்பால் பிள்ளைகள் தள்ளி ஓட்டும் வண்டி இது. பங்குனிக் கடைசியில் நுங்கு வரத்து தொடங்கிவிடும். சித்ரா பௌர்ணமிக்காக அழகர் மலையை விட்டு இறங்கும் நாட்களில் அழகர்கோவில் சாலை ஓரத்தில் குலை குலையாய்க் கிடக்கும். ஆனி வரைக்கும் பஞ்சமில்லை. சின்ன வயதில் இந்த வண்டியை ஓட்டியவர்கள் ஏராளம். ஆனால் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க உட்கார்ந்தால், நாலு எட்டு உருண்டதும் சக்கரம் கழன்று விடுகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: காயை வெட்டும்போதே வண்டி பாதி கெட்டுவிடுகிறது. குச்சியை மாற்றலாம், கவையை மாற்றலாம். தப்பாக வெட்டிய காயை ஒன்றும் செய்ய முடியாது.

காய் வாங்கும் இடத்தில்

வியாபாரி வழக்கமாகக் காயை நாலு பக்கமும் கொத்திப் பிளந்து, நுங்கை முழுசாக எடுத்துப் பையில் போட்டுத் தருவார். தின்பதற்கு அது வசதி, சக்கரத்துக்கு ஆகாது. வெட்ட ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, பிள்ளைகளுக்கு வண்டி செய்ய வேணும், தலையை மட்டும் சீவிக் குடுங்க." இதைக் கேட்டதும் பலர் முகம் மலர்ந்து அவர்களே நல்ல காயாகப் பொறுக்கித் தருவார்கள்.

தலையைச் சீவுவது என்றால் ஒரே வெட்டு. நுங்கு உட்கார்ந்திருக்கும் குழிகளான கண்களின் மேல்மூடி மட்டும் திறக்க வேண்டும். அரிவாள் இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டால் நுங்கும் பாதியாக அறுந்து தண்ணீர் கொட்டிவிடும், சக்கரமும் மெலிந்து போகும். அடிப்பக்கத்தைத் தொடவே கூடாது. அரிவாள் வேலை முழுக்கப் பெரியவர்களுடையது. வீட்டில் கத்தியை வைத்துப் போராடுவதைவிடச் சாலையோரத்தில் கைபழகியவரிடம் வெட்டி வாங்குவதே நல்லது.

எந்தக் காயை எடுப்பது? மூன்று கண் உள்ள காய்தான் உருண்டையாக இருக்கும். இரண்டு கண் காய் பக்கவாட்டில் சப்பையாக வளர்ந்திருக்கும். அதைச் சக்கரமாக்கினால் வண்டி நொண்டும். பதமும் முக்கியம். மிக இளசான காயின் கூடு பிஞ்சாக இருப்பதால் குச்சியைப் பிடித்து வைக்காது. முற்றி, கடுக்காய் என்று சொல்லும் பதம் ஆகிவிட்டால் நுங்கு கட்டைவிரலுக்கு வராது, உள்ளே ஓடும் கெட்டியாகியிருக்கும். நடுப்பதம் வேண்டும்: நுங்கை அழுத்தினால் லேசாகத் துள்ள வேண்டும், உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும்.

இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு நூலைக் காயின் வயிற்றுப் பகுதியில் சுற்றி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு காய் தேடுங்கள். ஒரே குலையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த காய்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரு வண்டிக்கு நாலு காய் வாங்குங்கள். இரண்டு சக்கரத்துக்கு, இரண்டு மாற்றுக்கு. எப்படியும் எல்லாவற்றையும் தின்னத்தான் போகிறோம்.

பதநீர் இறக்குகிற மரத்தில் நுங்கு கிடைக்காது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பாளையைச் சீவிவிட்டால் அது காயாகாது. ஆண் பனையும் காய்க்காது. 1978 முதல் பனை நம் மாநில மரம். ஆனாலும் ஆண் பனை எது, பெண் பனை எது என்று தெரியாத பிள்ளைகள்தான் இப்போது அதிகம். லீவில் ஊருக்குப் போகும்போது காட்டிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை.

தின்கிற விதம்

கண்ணின் ஓரத்தில் கட்டைவிரலை இறக்கி, சுற்றி ஒரு தரம் நெம்பினால் நுங்கு மேலே எழும்பி வரும். முதல் நெம்பலில் தண்ணீர் பீச்சி அடிக்கும் என்பதால் காயை முகத்துக்கு நேராக வைக்கக் கூடாது. வாயைக் கண்ணோடு ஒட்டி வைத்து உறிஞ்சினால் ஒரு சொட்டும் வீணாகாது. மட்டையில் இருந்து வரும் சாறு துணியில் பட்டால் கறையாகிவிடும், சோப்புக்கு லேசில் போகாது. பழைய சட்டையோடு உட்கார வையுங்கள்.

கத்தி நுனி, கரண்டிக் காம்பு எதையும் உள்ளே விடாதீர்கள். மூன்று கண்ணுக்கும் நடுவில் சேருகிற நார்ச்சுவர்தான் பின்னால் அச்சைப் பிடிக்கப் போகிறது. அது கீறிவிட்டால் குச்சி ஆடும். தின்று முடித்ததும் கூட்டுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். இல்லையென்றால் அரை மணி நேரத்தில் எறும்பு மொய்த்துவிடும்.

அச்சு

வேப்பங்குச்சி நல்லது. சீமைக்கருவேலமும் உறுதியானதுதான், ஆனால் முள்ளை முழுக்கச் சீவ வேண்டும். ஒரு முள் மிச்சம் இருந்தாலும் கையைக் கிழிக்கும். சுண்டுவிரல் கனத்துக்குச் சற்று மேல், நேரான குச்சி. நீளம் 30 செ.மீ. ஒரு கூடு 8 செ.மீ. வரை எடுத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் 10 செ.மீ. இடைவெளி, வெளியே இரண்டு பக்கமும் இரண்டு செ.மீ. நீட்டல். கணக்கு சரியாக இருக்கும். நீளம் ஒன்றரை அடிக்குப் போனால் குச்சி நடுவில் வளையும். இடைவெளி குறைந்தால் திருப்பத்தில் வண்டி சாயும்.

குச்சியின் இரு முனையையும் பென்சில் போலச் சீவுங்கள். அதை அப்படியே காயில் குத்தினால் முனை மழுங்கிக் கோணலாக இறங்கும். முதலில் கோணி தைக்கும் ஊசியாலோ நீளமான ஆணியாலோ வழி போட வேண்டும். வெட்டிய முகத்தைப் பாருங்கள்: மூன்று கண்ணும் சந்திக்கும் நட்ட நடு தெரியும். அங்கே ஊசியை வைத்து, அடிப்பக்கத்தின் நடுவை நோக்கி நேராக அழுத்துங்கள். காயைக் கையில் பிடித்துக்கொண்டு குத்தக் கூடாது. ஊசி மறுபக்கம் உள்ளங்கையில் இறங்கும். மணலிலோ மடித்த சாக்கிலோ வைத்துக் குத்துங்கள். வழி கிடைத்ததும் குச்சியைத் திருகித் திருகி ஏற்றுங்கள். இரண்டு கூட்டின் வெட்டிய முகமும் உள்பக்கம், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கட்டும்.

இங்கே பலர் குழம்புவது உண்டு. சைக்கிள் சக்கரம் அச்சில் சுற்றுகிறதே, அதுபோல நுங்கும் குச்சியில் தளர்வாகச் சுற்ற வேண்டும் என்று ஓட்டையைப் பெரிதாக்கி விடுகிறார்கள். நுங்கு வண்டியில் சக்கரமும் அச்சும் இறுகச் சேர்ந்து ஒன்றாகச் சுற்ற வேண்டும். அச்சு சுழல்வது கவைக்குள்ளேதான். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால்தான் வண்டி நேராகப் போகிறது. ஒரு சக்கரம் தளர்ந்தால் அது தன் போக்கில் போகும். வண்டி அந்த இடத்திலேயே வட்டமடிக்கும்.

கவைக்கம்பு

கொய்யா அல்லது புளியங்கவை என்றால் ஓட்டுகிறவருக்கு யோகம். வேம்பும் போதும். தள்ளும் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கம்பு இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று அடி, மூன்றரை அடி. அதைவிடக் குட்டையானால் குனிந்து ஓடி இடுப்பு வலிக்கும். நீளமானால் நுனி ஆடும்.

கவை அச்சின் மேல் உட்காரும்போது ஒரு கிளை மேலேயும் ஒரு கிளை கீழேயும் வரும். கீழ்க்கிளையை இரண்டு விரற்கடையாக வெட்டிவிடுங்கள், மேல்கிளை நாலு விரற்கடை இருக்கலாம். இரண்டையும் சமமாக விட்டால் கீழ்க்கிளை தரையில் தட்டி, ஓடும் வேகத்தில் கம்பு பிள்ளையின் வயிற்றில் குத்தும். நுங்கு வண்டியில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். அதே காரணத்துக்காகக் கைப்பிடி முனையைக் கூராக விடாமல் தேய்த்து, பழைய துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

கவையின் உள்பக்கத் தோலையும் அச்சின் நடுப்பகுதித் தோலையும் உரித்து வழவழப்பாகத் தேய்த்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் சோப்புத் துண்டைத் தேய்க்கலாம். கவை அச்சைக் கவ்வக் கூடாது, உள்ளே ஒரு நூலிழை இடம் இருக்க வேண்டும். கவ்வினால் அச்சு சுற்றாமல் சக்கரம் தேய்ந்துகொண்டே போகும்.

ஓட்டும்போது

கம்பைச் சரிவாகப் பிடித்து, முன்னாலும் சற்றுக் கீழேயும் அழுத்தித் தள்ள வேண்டும். அழுத்தம் விட்டால் கவை அச்சைவிட்டு எழும்பிவிடும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கவையை அச்சின் இடப்பக்கமாக லேசாக நகர்த்தித் தள்ளுங்கள். இடது சக்கரம் முந்தும், வண்டி வலப்பக்கம் வளையும். இடத்துக்கு இதன் மறுதலை. முழு ஓட்டத்தில் திருப்பினால் சக்கரம் பிய்யும், வேகத்தைக் குறைத்துத் திருப்பப் பழக்குங்கள்.

வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதா? அந்தப் பக்கச் சக்கரம் சின்னது. மாற்றுக் காய் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கவையை நடுவிலிருந்து அந்தச் சின்னச் சக்கரத்தின் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்து ஓட்டலாம். ஒவ்வொரு சுற்றிலும் குதிக்கிறது என்றால் துளை நடுவில் இல்லை. அந்தக் கூட்டில் மறுபடி குத்தினால் இரண்டு துளையும் சேர்ந்து பெரிதாகிவிடும், ஆகவே கூட்டையே மாற்றுவதுதான் வழி. லேசான தளர்வுக்கு மூங்கில் சிம்பைச் சீவி ஆப்பு அடித்தால் போதும்.

தரை பார்த்து ஓட வேண்டும். மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண் பாதை இந்த வண்டிக்கென்றே இருப்பது போல் இருக்கும். திருமங்கலம் பக்கக் கரிசலில் வெயில் காலத்தில் வெடிப்பு விட்டிருக்கும். சக்கரம் இறங்கினால் அச்சு முறியும். வற்றிய கண்மாயும் அப்படித்தான், உள்ளே இறங்காமல் கரைமேல் ஓட்டலாம். தார் ரோட்டிலும் சிமெண்ட் தெருவிலும் கூடு சீக்கிரம் தேய்ந்து நார் நாராகப் பிரியும், வண்டி வாகனமும் வரும். காலை பத்து மணிக்கு முன், மாலை நாலரைக்குப் பின் என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஓடினால் கால் கொப்பளிக்கும்.

கைப்பிடியில் ஒரு காற்றாடி

ஓலை கிடைத்தால் இதையும் செய்து விடுங்கள். பச்சைப் பனையோலையில் ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் ஒரு கீற்று. ஓலையை வெட்டும்போது மட்டையின் கருக்கில் கை படாமல் பாருங்கள், ரம்பம் போல் அறுத்துவிடும். கீற்றின் நட்ட நடுவில் நீளமான கருவேல முள்ளைக் குத்தி, இரு முனையையும் எதிரெதிர்ப் பக்கமாக லேசாக முறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் சுற்றாது. முள்ளின் கூர்முனையை ஒரு சாண் சோளத்தட்டையின் பக்கவாட்டில் செருகினால் உள்ளே இருக்கும் நெட்டி முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓலைக்கும் தட்டைக்கும் நடுவில் ஒரு அரிசி அகலம் இடம் விடுங்கள். தட்டையைக் கவைக்கம்பில் சணலால் கட்டிவிட்டால், பிள்ளை ஓட ஓடக் காற்றாடி சுற்றும்.

ராத்திரியும் மறுநாளும்

வெயிலில் விட்டால் கூடு சுருங்கி வட்டம் கோணும். இரவில் நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், காலையில் அச்சு ஆடுகிறதா என்று பார்த்து ஆப்பை இறுக்குங்கள். எப்படிப் பார்த்தாலும் சில நாள்தான் தாங்கும். கூடு கறுத்துப் புளித்த வாடை வந்தால் கழற்றிவிடலாம். அச்சையும் கவையையும் எறிய வேண்டாம். அடுத்த நுங்குக்கு அவை அப்படியே உதவும். மாற்றுக்கு வாங்கி உபயோகப்படாத கூடுகளை அன்றைக்கே சிறு துண்டுகளாக வெட்டி மாட்டுக்குப் போடுங்கள், விரும்பித் தின்னும். மண்ணில் உருண்ட கூடுகள் குப்பைக் குழிக்குத்தான்.