சிமேக் ‘சோர்ஸ் ஃபைலைக் காணோம்’ என்கிறதா? கோத்தகிரி மட்டும் தொலைந்த கதை

மழைமானி அளவுகளைப் படித்து ஊர்வாரியாகப் பிரிக்கும் சின்ன சி++ நிரல் ஒன்றை குன்னூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து எழுதிவருகிறோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று ஊருக்கு ஒரு ஃபோல்டர். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் கொட்டும், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கை நம்பியிருக்கும், அதனால் ஒவ்வொரு ஊரின் கணக்கும் தனி சோர்ஸ் ஃபைலில். நண்பர் ஒருவர் தன் பழைய மேக்கிலிருந்து எல்லாவற்றையும் ஜிப் பண்ணி அனுப்பினார். என் உபுண்டு லினக்ஸில் பிரித்து பில்ட் போட்டால், மற்ற மூன்று ஊரும் சரி, கோத்தகிரியை மட்டும் காணோம் என்றது சிமேக் (எந்த சோர்ஸ் ஃபைல்களைச் சேர்த்து நிரலைக் கட்டுவது என்று ஏற்பாடு செய்யும் கருவி). ஃபோல்டரோ கண்ணெதிரே இருக்கிறது!

சிமேக்கும் கம்பைலரும் ஏற்கெனவே போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைப் படிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில், பல சொல் பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: முதல் பிழையை மட்டும் படியுங்கள். ‘கேனாட் ஃபைண்ட் சோர்ஸ் ஃபைல்’ என்பதற்குக் கீழே ‘நோ சோர்சஸ் கிவன் டு டார்கெட்’ என்று இன்னொன்று வரும். அது முதல் பிழையின் வால்தான். பழைய வெர்ஷன்களில் நடுவே எக்ஸ்டென்ஷன் பட்டியல் ஒன்றும் நீளமாக ஓடும், அதையும் விட்டுத்தள்ளுங்கள். எந்த சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைலில் (சிமேக்குக்கான கட்டளைகளை நாம் எழுதிவைப்பது) எத்தனையாவது வரி என்று பிழையிலேயே இருக்கும், நமக்கு அதுதான் வேண்டும்.

படி 2: பாதை எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். ‘ஆட் எக்ஸிகியூட்டபிள்’ வரியில் கொடுக்கும் பாதை, நீங்கள் டெர்மினலில் நிற்கும் இடத்திலிருந்து கணக்காவதில்லை, அந்த வரி எழுதப்பட்ட சிமேக்லிஸ்ட்ஸ் இருக்கும் ஃபோல்டரிலிருந்துதான் கணக்கு. ‘டார்கெட் சோர்சஸ்’ கொஞ்சம் வில்லங்கமானது: சிமேக் 3.13-க்கு முன்னால் டார்கெட் (கட்டப்படும் நிரல்) எந்த ஃபோல்டரில் உருவானதோ அங்கிருந்து பார்க்கும், 3.13-இல் வந்த புதிய பாலிசியில்தான் எழுதிய இடத்திலிருந்து பார்க்கிறது. சந்தேகமாக இருந்தால் ‘மெசேஜ்’ கட்டளையில் ‘சிமேக் கரண்ட் சோர்ஸ் டிர்’ மாறியை அச்சடித்துப் பாருங்கள். ‘சிமேக் சோர்ஸ் டிர்’ என்பதை நான் தொடுவதே இல்லை, உங்கள் புராஜெக்டை வேறொருவர் தன் புராஜெக்டுக்குள் சேர்த்த அன்றே அது அவருடைய ஃபோல்டரைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

படி 3: பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும். அவ்வளவுதான்.

படி 4: மேலே எல்லாம் சரியாக இருந்தும் காணோம் என்றால், பெயரில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது க-வுக்குப் பின் ஏகாரக் குறி, அப்புறம் கால். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. 2017-இல் ஏபிஎஃப்எஸ் வரும்வரை மேக்கில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை, பெயர்களை இந்த இரண்டாவது விதமாகப் பிரித்துத்தான் சேமிக்கும். ஜிப்பிலும் அப்படியே போகும். சிமேக்லிஸ்ட்ஸுக்குள் தட்டிய பெயரோ சேர்ந்த வடிவிலேயே நிற்கும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, வேறு பைட் என்றால் வேறு ஃபோல்டர். ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் இப்படிப் பிரியக்கூடிய எழுத்தே இல்லை, தப்பித்துவிட்டன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் தனி ஔ-வும்தான் பிரியும். தொட்டபெட்டாவுக்கு ஃபோல்டர் போட்டிருந்தால் அதுவும் தொலைந்திருக்கும்.

சோதிப்பது சுலபம். அந்த ஃபோல்டருக்கு வெளியே நின்று ‘எக்கோ -என் *கிரி | டபிள்யூசி -சி’ என்று தட்டுங்கள் (‘கிரி’ மட்டும் தமிழிலேயே). கோத்தகிரி சேர்ந்த வடிவில் 9 குறிகள், குறிக்கு 3 பைட், ஆக 27 வர வேண்டும். எனக்கு 30 வந்தது! நட்சத்திரக் குறி முக்கியம், பெயரை முழுசாகத் தட்டினால் உங்கள் விசைப்பலகை தரும் வடிவம்தான் எண்ணப்படும், டிஸ்கில் இருப்பது அல்ல. ‘கோ’ என்று தட்டி டேப் அடித்தும் பெயர் நிரம்பவில்லை என்றால் அதுவே பாதி சாட்சி.

சரிசெய்ய, ஃபைல் பெயர்களின் எழுத்து வடிவை மாற்றும் ‘கான்வ்எம்வி’ கருவி போதும். இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து, ‘--என்எஃப்சி’ (சேர்ந்த வடிவம்) சேர்த்து ஓட்டுங்கள். முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டும், ‘--நோடெஸ்ட்’ கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். உள்ளே உள்ளவற்றுக்கும் சேர்த்து ‘-ஆர்’.

இப்போது ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டோம், தமிழ்ப் பெயர் திரையில் காட்டும் சரத்தில் மட்டும். தமிழ்ப் பற்று குறைந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். பில்ட் முதலில் ஓடட்டும் ஐயா!

படி 5: பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 3.24-இலிருந்து ‘--ஃப்ரெஷ்’ கொடுத்தாலே பழைய கேஷ் போய்விடும். மழைக்காலத்தில் இங்கே நெட் படுத்துவிடும், பென்டிரைவில்தான் கொடுக்கல் வாங்கல், பில்ட் ஃபோல்டரும் சேர்ந்தே வந்துவிடும். அதற்குள் இருக்கும் கேஷில் பழைய கணினியின் முழுப் பாதை பதிந்திருக்கும், சிமேக் அதைப் பார்த்துத் தகராறு பண்ணும். சோர்ஸை மட்டும் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களைத் தானே தேடி எடுக்கும் ‘குளோப்’ போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். உண்மைதான், டிஸ்கில் இருக்கும் பெயரையே அது எடுத்துக்கொள்ளும். ஆனால் புது ஃபைல் சேர்த்தால் தானாகத் தெரியாது, 3.12-இல் வந்த ‘கான்ஃபிகர் டிபெண்ட்ஸ்’ சேர்க்க வேண்டும், அதுவும் எல்லா ஜெனரேட்டரிலும் (சிமேக் எந்த பில்ட் கருவிக்கு எழுதித்தருகிறதோ அது) நம்பகமாக நடக்கும் என்று சிமேக்காரர்களே உறுதி தருவதில்லை. நான் பெயர்களைக் கையால்தான் எழுதுகிறேன்.

இன்னொருவர், ஜிப்புக்குப் பதில் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) வழியாக எடுத்தாலும் இப்படி ஆகுமா என்றார். மேக்கில் ‘கோர்.பிரீகம்போஸ்யூனிகோட்’ அமைப்பு ட்ரூ என்று இருந்தால் கிட்டே பெயர்களைச் சேர்த்த வடிவுக்கு மாற்றிவிடும். ‘கிட் கான்ஃபிக் கோர்.பிரீகம்போஸ்யூனிகோட்’ என்று (இங்கே சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இல்லை, இடைவெளிதான்) தட்டி அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போட்டுவிடுங்கள்.